மோர்க்குழம்பு இனித்ததா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் வகுப்பு. மதிய உணவுக்குப் பின்வரும் முதல் மணிநேரத்தைத் தமிழுக்கு ஒதுக்குவது நம் கல்லூரிகளின் நெடுநாள் மரபு. கணிதத்துக்கும் பொருளியலுக்கும் விழிப்புத் தேவை, தமிழுக்கு அது வேண்டியதில்லை என்பது கால அட்டவணை போடுவோரின் துணிபு. அன்றைய பாடம் கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாடல். புதிதாக மணமாகித் தனிக்குடித்தனம் நடத்தும் மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், அங்கே கண்டதைப் பெற்ற தாயிடம் வந்து சொல்கிறாள். கட்டித் தயிரை விரலால் பிசைந்திருக்கிறாள் அந்தப் பெண். தயிர் பட்ட ஆடையைத் துவைக்கவும் பொழுதின்றி அதையே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணை நிறைக்கிறது. தானே துழாவிச் சமைத்த அந்தப் புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான். (இன்றைய மோர்க்குழம்புக்கு அதை மூத்த அக்காள் என்று வைத்துக்கொள்ளலாம்.) அவள் முகம் மகிழ்கிறது, அதுவும் தெரிந்தும் தெரியாமலும்.

நாம் வழக்கம்போல் குறிப்புச் சொல்லத் தொடங்கினோம். 'இல்லறத்தின் மாண்பு, கணவனின் பண்பு, மனைவியின் கடமையுணர்வு.' மாணவர்கள் தலைகுனிந்து எழுதினர். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். அந்தக் குழம்பு நிஜமாவே நல்லா இருந்துச்சா? இல்ல, புதுப் பொண்டாட்டின்னு அவர் சும்மா சொன்னாரா?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கேட்ட மாணவியும் வாய்விட்டுச் சிரித்தாள். கூடலூர் கிழார் அங்கே இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்று இன்று தோன்றுகிறது. அன்று நாம் மேசையைத் தட்டி, பாடத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி என்று சொல்லி அவளை உட்காரவைத்தோம். அப்புறம் விட்ட இடத்திலிருந்து இல்லறத்தின் மாண்பைத் தொடர்ந்தோம்.

அந்தக் கேள்வி பாடத்துக்குத் தொடர்பில்லாததா? அந்தப் பாட்டில் இருப்பதே அந்தக் கேள்விதானே! குழம்பு இனித்தது என்று பாட்டில் சாட்சி சொல்வோர் இருவர். ஒருவன் கணவன், புது மாப்பிள்ளையின் வாக்குமூலம் எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. இன்னொருத்தி செவிலி. குழம்புக்கு இனிமை குறிக்கும் அடைமொழி கொடுத்தே அவள் பேசுகிறாள். ஆனால் அந்தப் பெண்ணை வளர்த்தவளே அவள்தான். வளர்த்தவள் தன் பிள்ளையின் சமையலைக் குறை சொல்வாளா? மூன்றாம் சாட்சியான குழம்பு காலியாகிவிட்டது. தயிர்க்கறை படிந்த சேலையும் கலங்கிய கண்ணும் இனிதென்ற ஒரு சொல்லும் சேர்ந்து ஒரு புன்னகையை எழுப்புகின்றன. அந்தப் புன்னகையோடுதான் செவிலி இதைச் சொல்கிறாள். அதே புன்னகையோடுதான் பெற்றவள் கேட்டிருப்பாள். நாமோ அந்தப் புன்னகையைத் துடைத்தெடுத்துவிட்டு, மிச்சத்தைப் பத்து மதிப்பெண் வினாவாக மாற்றிவிட்டோம்.

இந்தக் கட்டுரை அந்த மாணவியின் தரப்பில் நின்று எழுதப்படும் வழக்கு. எதிர்த்தரப்பில் முதலாவதாக நிற்பவர்கள் நாமேதான்.

* * *

தமிழில் நகைச்சுவை வறண்டுவிட்டது என்ற புலம்பலை இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். தேநீர் இடைவேளையில் அதைச் சொல்பவர்கள், இடைவேளை முடிந்ததும் மேடையேறி, ஒரு சிறுகதைத் தொகுப்பை 'வாழ்வின் இருண்மையைத் தரிசிக்கும் படைப்பு' என்று பாராட்டுவார்கள். தீவிர இலக்கியத்தில் குடும்பம் நுழைய வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. அப்பா இரும வேண்டும். அம்மா அடுக்களை இருட்டில் முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டும். கூரை ஒழுக வேண்டும். அந்தக் கூரை ஒழுகும்போது வீட்டிலுள்ள அத்தனை பாத்திரங்களையும் தரையில் பரப்பிவைத்துவிட்டு, 'நாளைக்குச் சமைக்கப் பாத்திரம் ஏது' என்று அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்புக்குக் கதையில் இடமில்லை. அது கதையின் கனத்தைக் குறைத்துவிடுமாம். தப்பித் தவறி ஒருவர் அதை எழுதிவிட்டால் 'மெல்லிய அங்கதம்' என்று ஒரு பெயர் சூட்டி மன்னித்துவிடுவோம். கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கவைத்தால் அவரை வெகுஜன எழுத்தாளர் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவோம்.

துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன் (1913–1957), வீடு கட்டும் ஆசையில் ஒரு குடும்பம் படும் பாட்டை 'ராஜத்தின் மனோரதம்' என்று ஒரு நூலாகவே எழுதினார். வீடு கட்டிய ஒவ்வொரு தமிழனும் அனுபவித்த நரகம் அது. நம் முதுகலைப் பாடத்திட்டங்களில் எத்தனையில் அதைக் கண்டிருக்கிறோம்? துயரத்தை எழுதினால் கலை, சிரிப்பை எழுதினால் பொழுதுபோக்கு என்ற இந்தத் தராசை நமக்கு யார் கொடுத்தார்கள்?

நாம் காலி செய்துவிட்டு வந்த இடம் காலியாகவே இருக்கவில்லை. அங்கே வேறொரு சரக்கு குடியேறிவிட்டது. வார இதழ்களின் ஓரங்களில் பல தலைமுறைகளாக ஒரே படம் திரும்பத் திரும்ப வரையப்பட்டது. பனியன் அணிந்த தொந்திக் கணவன், பூரிக்கட்டை ஏந்திய மனைவி, பெட்டியோடு வாசலில் வந்திறங்கும் மாமியார். இன்று அதே சரக்கு வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு சேர்ந்து வருகிறது. அனுப்புகிறவர் பெரும்பாலும் நம் சொந்தச் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். சித்தியும் அத்தையும் இருக்கும் அதே குழுவில்தான் அனுப்புவார். சித்தி ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்டுவிட்டு உலை வைக்கப் போவார்.

இதைக் கண்டித்தால் 'சும்மா ஒரு சிரிப்புதானே' என்கிறார்கள். சரி, சிரிப்பு என்ற அளவிலேயே பார்ப்போம். பூரிக்கட்டை ஜோக்கில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த வீட்டில் யாருக்கும் முகமில்லை, பெயரில்லை, வேறொரு குணமில்லை. அவள் சமைப்பாள், கேவலமாகச் சமைப்பாள், கேட்டால் அடிப்பாள். நாற்பது ஆண்டு அதே வீட்டில் வாழ்ந்தாலும் அந்தக் கணவன் அவளைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டான். கவனிப்பு இல்லாத இடத்தில் நகைச்சுவை ஏது? தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்தால், வீடுகளில் யார் கை ஓங்குகிறது, யார் முதுகு தாங்குகிறது என்பது விளங்கும். பூரிக்கட்டை ஜோக் உண்மையைத் தலைகீழாக்கி, அந்தத் தலைகீழ்ப் பொய்யைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. அதை எழுதியவருக்குக் கற்பனை வறட்சி மட்டுமல்ல, கண்ணும் பழுது.

ஆக, வீட்டுச் சிரிப்பை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு கொன்றிருக்கிறோம். ஜோக் எழுதியவர் அதைக் கொச்சையாக்கினார். அவரைப் பார்த்து முகம் சுளித்த நாம், அந்தச் சுளிப்பையே இலக்கியக் கொள்கையாக்கிக்கொண்டோம்.

* * *

நம் மரபு இப்படிச் செய்யவில்லை. மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்த தொல்காப்பியர் எதை முதலில் வைத்தார்? நகையை. அழுகை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. வடமொழியில் பரதரின் சுவை வரிசை சிருங்காரத்தில் தொடங்குகிறது. தமிழின் வரிசை சிரிப்பில் தொடங்குகிறது. இதை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லும்போது ஒருவரும் சிரிப்பதில்லை.

நகை பிறக்கும் நிலைக்களன்களாக அவர் நான்கைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நான்கும் எங்கே குடியிருக்கின்றன என்று பாருங்கள். மழலையாய்த் திரியும் இளமை வீட்டில்தான் இருக்கிறது. அறியாமல் பிழை செய்யும் பேதைமையும், சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிடும் மடனும் வீட்டில்தான் நாளெல்லாம் நடமாடுகின்றன. இன்றைய ஜோக் தொழிற்சாலை இந்த நான்கில் மூன்றைத் தூக்கி எறிந்துவிட்டு எள்ளல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது, அதிலும் பாதியைத்தான். ஏனெனில் உரையாசிரியராகிய பேராசிரியர் எள்ளலையே இரண்டாகப் பகுத்துவிட்டார். பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. இந்த இரண்டாம் வகைதான் இல்லறத்தின் உயிர். ஒரு வீட்டில் எல்லோரும் முதல்வகை எள்ளலையே செய்துகொண்டிருந்தால் அது வீடாக இராது, சட்டமன்றமாகிவிடும்.

இதற்கு இலக்கியச் சான்று கேட்பவர்கள் குறுந்தொகையின் எட்டாம் பாடலைப் பார்க்கலாம். ஆலங்குடி வங்கனார் பாடியது, பேசுபவள் காதற்பரத்தை. எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பேச்செல்லாம் பேசுகிறார். தம் வீட்டுக்குப் போனதும் கண்ணாடிக்குள் தெரியும் பாவை, நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்குவதுபோல, மகனைப் பெற்றவள் இட்டபடி ஆடுகிறார் என்கிறாள். மனைவிக்கு அடங்கும் கணவனைப் பற்றிய நகைப்பு நம் பழம்பாட்டிலேயே இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா? பொருட்பாலில் 'பெண்வழிச்சேறல்' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கி வள்ளுவர் கடிந்த அதே விஷயம். ஆனால் வங்கனாரின் பாட்டில் கையில் கட்டையோடு நிற்கும் அரக்கி இல்லை. அங்கே சிரிப்புக்கு ஆளாகிறவன் அந்த ஆண்மகன். இரண்டு வீட்டிலும் இரண்டு வேடம் போடும் அவனை, இரண்டு வீட்டையும் அறிந்த ஒருத்தி அப்படியே பிடித்துவிட்டாள். அந்தக் கண்ணாடி உவமையைச் சொல்ல எத்தனை நாள் அவனைக் கவனித்திருக்க வேண்டும்!

அதே வள்ளுவர் காமத்துப்பாலின் முடிவில் என்ன செய்கிறார்? புலவி நுணுக்கம் 132ஆம் அதிகாரம். நூலை முடிக்க இன்னும் ஒரே ஓர் அதிகாரந்தான் பாக்கி. அறமும் அரசும் பேசி முடித்த பெருமகனார் அங்கே ஒரு தும்மலை வைக்கிறார். கணவன் தும்முகிறான். அவள் வழக்கப்படி வாழ்த்துகிறாள். உடனே, யாரை நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த தும்மல் வரும்போது அவன் கெட்டிக்காரத்தனமாக அடக்கிக்கொள்கிறான். உமக்கு வேண்டியவர் நினைப்பதை எம்மிடமிருந்து மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். உன்னை நினைத்தேன் என்றால், அப்படியானால் இடையில் மறந்தீரோ என்கிறாள். வாதமெல்லாம் அவளுக்கு, அவனுக்கு மிஞ்சியது தும்மல். இந்தக் கதையை நமக்குச் சொல்பவன் யார் என்பதுதான் முக்கியம். தோற்ற கணவனே சொல்கிறான், தோற்றதை ரசித்துச் சொல்கிறான். பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகை எள்ளல் இதுதான். ஜோக் எழுத்தாளரின் கணவன் மனைவியிடம் தோற்றதற்காக ஊரைக் கூட்டி அவளைப் பழி வாங்குகிறான். வள்ளுவரின் கணவன் தன் தோல்வியை ஒரு சொத்துப்போல் பாதுகாத்து வைத்திருக்கிறான். இரண்டையும் ஒரே பெயரால் 'குடும்ப நகைச்சுவை' என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் அநியாயம்.

* * *

இனி நாம் மேலே சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று அந்த மாணவியை உட்காரவைத்தபோது, பாடத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி என்று மட்டும் நாம் சொல்லவில்லை. "பெண்பிள்ளைக்கு இப்படி என்ன சிரிப்பு?" என்றும் கேட்டோம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. அந்தப் பருவம் முழுவதும் அவள் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

அந்த வாசகம் நம் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ஒரு சாவு வீடு நினைவுக்கு வருகிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். நம் ஆச்சி இறந்த பத்தாம் நாள். அடுக்களையில் அம்மா, பெரியம்மா, சித்தி, இரண்டு அத்தைகள். விருந்துக்கு அரிசி எடுக்கக் குலுக்கைக்குள் கைவிட்ட சித்தியின் கையில் ஒரு தகர டப்பா தட்டுப்பட்டது. திறந்தால் முறுக்கு. பேரப்பிள்ளைகளின் கண்ணில் படாமல் ஆச்சி ஒளித்துவைத்தது. ஆச்சிக்குப் பல் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

"பல்லே இல்லாத மனுஷி இதை எதுக்கு ஒளிச்சு வச்சா?" என்றார் பெரியம்மா.

"திங்கதுக்கா வச்சா? யாரும் திங்கக்கூடாதுன்னுல்லா வச்சா" என்றார் அம்மா.

அவ்வளவுதான். ஐந்து பெண்களும் சிரிக்கத் தொடங்கினார்கள். பத்து நாளாக அழுத கண்களில் மறுபடியும் நீர் வந்தது, இப்போது வேறு காரணத்துக்காக. ஆளுக்கொரு முறுக்கை எடுத்துக் கடித்தார்கள், நமுத்துப் போயிருந்தது. அதற்கும் சிரித்தார்கள். முப்பது வருஷம் அந்த மாமியாரிடம் பேச்சு வாங்கிய பெரியம்மாதான் அதிகம் சிரித்தார். அவர்தான் அதிகம் அழுதவரும். ஆச்சியின் கஞ்சத்தனம், பிடிவாதம், யாரையும் நம்பாத குணம், எல்லாவற்றையும் தாண்டி அந்த வீட்டை அவள் கட்டிக்காத்த விதம், அத்தனையும் அந்த டப்பாவுக்குள் இருந்தன. பத்து நாள் ஒப்பாரியில் வராத ஆச்சி அந்தச் சிரிப்பில் முழுசாக வந்து நின்றாள்.

அப்போது பெரியப்பா வாசலில் வந்து நின்றார். "ஏட்டி, என்ன சிரிப்பு? இது சாவு வீடா, கல்யாண வீடா?" அடுக்களை அடங்கியது. பெரியம்மா டப்பாவை மூடிப் பழைய இடத்திலேயே வைத்தார். அதே நேரத்தில் திண்ணையில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறோம்.

பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. வீட்டின் ஒவ்வொரு அபத்தத்துக்கும் அருகிலிருந்து சாட்சியாக இருப்பவள் பெண். அவளைச் சிரிக்காதே என்று வாயடைத்துவிட்டு, வீட்டைப் பற்றிய ஜோக்குகளைத் திண்ணையிலிருந்து எழுதினால் அவை எப்படி இருக்கும்? அடுக்களைக்குள் போகாதவன் எழுதிய அடுக்களை ஜோக்கில் பூரிக்கட்டையைத் தவிர வேறெந்தப் பாத்திரத்தின் பெயரும் இல்லாதது தற்செயலா?

அடைத்த வாயும் சிரிக்காமல் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழியை முதலில் சொன்னவர் ஒரு மாமியாராக இருந்திருக்க முடியாது. கல்யாண வீடுகளில் நலுங்கின்போதும் சம்பந்தி ஏசலின்போதும் மாப்பிள்ளையின் மூக்கையும் மாப்பிள்ளை வீட்டாரின் பந்தியையும் பெண்கள் பாட்டிலே கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் கிடைத்த உரிமம் அது. மறுநாள் காலை அதே பெண் அதே சம்பந்தி வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும். அந்தப் பாட்டுகளை நாட்டார் வழக்காற்றியல் என்று வகைப்படுத்திப் பேழையில் வைத்தோம். இலக்கியம் என்று படிக்கவில்லை.

* * *

நவீன இலக்கியத்திலும் முன்னோடிகள் வழி காட்டாமல் இல்லை. புதுமைப்பித்தனை நாம் கசப்பின் கலைஞனாகவே கொண்டாடுகிறோம். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) கதையைக் கடவுள் மறுப்பா, சமூக விமர்சனமா என்று எண்பது ஆண்டுகளாக விவாதித்துவருகிறோம். அந்தக் கதையின் மையம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறது. முன்னறிவிப்பின்றி ஒரு விருந்தாளியைக் கூட்டிவரும் கணவன். வந்தவர் யாரென்று தெரியாமல் சலித்துக்கொள்ளும் மனைவி. என்ன வாங்கி வந்தாய் என்று கேட்டு, தினந்தோறும் வெறுங்கையோடு தன்னை மட்டுமே கொண்டுவரும் அப்பாவிடம் பொரிகடலைக்கு வழக்காடும் குழந்தை. பரம்பொருளே வந்தாலும் மாதக்கடைசியில் வந்தால் அவர் விருந்தாளிதான் என்ற இந்த உண்மை எந்தத் தத்துவ நூலில் இருக்கிறது? வறுமையை அவர் மறைக்கவில்லை. வறுமைக்குள் அந்தக் குடும்பம் எப்படிப் பேசிக்கொண்டது என்பதையும் சேர்த்து எழுதினார்.

கி. ராஜநாராயணன் (1923–2021) 'நாற்காலி' என்றொரு கதை எழுதினார். வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் முக்காலியிலிருந்து கவிழ்ந்துவிட, ஒரு குடும்பம் கூடிப் பேசி நாற்காலி செய்கிறது. ஊரே வந்து பார்த்துப் போகிறது. பிறகு இறந்தவரைச் சாத்தி உட்காரவைக்க அந்த நாற்காலியை ஊரார் இரவல் கேட்கத் தொடங்குகிறார்கள். திரும்பி வந்த நாற்காலியில் உட்கார வீட்டுப் பிள்ளைகளுக்கே பயம். ஒரு மரச்சாமானை வைத்து ஆசை, அந்தஸ்து, சாவு மூன்றையும் ஒரு கூட்டத்தின் கேலிப்பேச்சுக்குள் கொண்டுவந்துவிட்டார். இருமலோ ஒழுகும் கூரையோ தேவைப்படவில்லை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைப் பெண்ணியப் பிரதி என்று பாடம் நடத்துகிறோம், சரிதான். அதில் எத்தனை இடத்தில் சிரிக்கிறோம் என்பதை எந்தக் கருத்தரங்கக் கட்டுரையும் சொல்வதில்லை. சாப்பாட்டில் அவ்வளவு ருசி காணும் ஒரு குடும்பம். சமையல் நடக்கும் இருட்டு மூலையில் சன்னலைப் பெரிதாக்கலாமே என்று மருமகள் ஒரு யோசனை சொல்கிறாள். அதற்குக் கிடைக்கும் பதில், அந்தப் பக்கம் துணி உலர்த்தக் கட்டப்படும் கொடிகள். அவள் கேட்டது வெளிச்சம். வந்தது ஈரத் துணி. அந்த இடத்தில் முதலில் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஒரு குடும்பத்தின் அதிகாரத்தை இதைவிடத் துல்லியமாக எந்தக் கோஷம் காட்டியிருக்கிறது?

* * *

ஒரு நேர்மையான எதிர்ப்பு உண்டு. அதற்குப் பதில் சொல்லாமல் போவது கோழைத்தனம். 'வீட்டின் அநியாயங்களைச் சிரிப்பாக்கினால் அவை பழகிவிடும். சிரித்துவிட்டுப் பொறுத்துக்கொள் என்றுதானே காலங்காலமாகப் பெண்களிடம் சொன்னீர்கள்? பெரியம்மா சிரித்ததால் அவர் பேச்சு வாங்கிய முப்பது வருஷம் நியாயமாகிவிடுமா?' என்று ஒரு தோழி நம்மிடம் கேட்டார்.

ஆகாது. இதை ஒப்புக்கொள்கிறோம். எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பன்று. அடிபட்டவளைச் சிரித்து மழுப்பச் சொல்லும் வீடுகள் உண்டு, அங்கே சிரிக்க மறுப்பதுதான் மானம். ஆனால் மழுப்பும் சிரிப்பு மேலிருந்து கீழே கட்டளையாக வருகிறது. அடுக்களையில் பெரியம்மா சிரித்த சிரிப்பை யாரும் கட்டளையிடவில்லை. அடங்கச் சொல்லித்தான் கட்டளை வந்தது. பெரியப்பாவுக்கு அந்தச் சிரிப்பு ஏன் உறுத்தியது? அழுகை அவருக்கு உறுத்தவே இல்லையே! அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லிவிடலாம். சிரிக்கிறவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்று பொருள். பார்த்துவிட்டவளைத்தான் வீட்டு அதிகாரம் அஞ்சுகிறது.

ஆகவே ஒரு குடும்ப நகைச்சுவையை எடைபோட நாம் முன்வைக்கும் உரைகல் எளியது. கதையில் சிரிப்புக்கு ஆளானவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், அவராலும் சிரிக்க முடியுமா? வள்ளுவரின் மனைவி அந்தத் தும்மல் கதையைக் கேட்டால் சிரிப்பாள். பிறகு, இதையெல்லாம் யாரிடம் சொன்னீர் என்று மறுபடியும் ஊடுவாள். ஆச்சி அந்த முறுக்குப் பேச்சைக் கேட்டிருந்தால் இரண்டு வசவு வைதுவிட்டு, பொக்கை வாயால் சிரித்திருப்பாள். பூரிக்கட்டை ஜோக்கைக் கேட்கும் சித்தி மட்டும் சிரிப்பதில்லை, பொம்மையை அனுப்புகிறாள்.

எழுதுகிறவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டுக் குலுக்கைக்குள் கைவிடுங்கள். துயரம் மட்டுமே உண்மை என்ற விரதத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். விமர்சகர்களுக்கு வேண்டுகோள் இல்லை, அவர்கள் கேட்கப்போவதில்லை. ஆசிரியர்களுக்கு, அதாவது நமக்கு, செய்ய வேலை இருக்கிறது. 'இப்பாடல்வழி அறியலாகும் இல்லறச் சிறப்பினை விளக்குக' என்ற வினாவை எத்தனையோ தேர்வுகளில் கேட்டாயிற்று. மாணவர்களும் எத்தனையோ பக்கம் விளக்கியாயிற்று. கல்லூரி அளவிலான அகத் தேர்வுக்கு வினா எழுதும் பொறுப்பு வரும் பருவத்தில் நம்மிடம் இருக்கிறது. வினாவை எழுதிவிட்டோம்:

'குறுந்தொகை 167ஆம் பாடலில் வரும் குழம்பு உண்மையிலேயே இனித்ததா? சான்று காட்டி வாதிடுக.'

துறைத்தலைவர் கையெழுத்திடுவாரா என்பது தெரியவில்லை. இந்த வினா நம்முடையதன்று. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் நெடுநாள் முன்பே கேட்டது. அவள் இப்போது எங்கே, யாருக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாளோ, அல்லது யார் சமைத்ததை இனிதென்று சொல்லிக்கொண்டிருக்கிறாளோ, நாம் அறியோம். அன்று நாம் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதிவைக்கிறோம்: "நல்ல கேள்வி அம்மா. எனக்கும் அதே சந்தேகந்தான். நீ என்ன நினைக்கிறாய், சொல்."